கான்கிரீட்டும் கணைக்கால் எலும்பும்

எங்கள் பால்கனிக்கு எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்ககத்துக்கு முதல் தளம் போட்டது 2025 ஜனவரியில். விடியும் முன்பே மிக்ஸர் லாரி வந்து, பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் பார்த்தால், மேஸ்திரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தளத்தின்மேல் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, ஹோஸ் பைப்பால் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாளும் அதே வேலைதான். பெரும்பாக்கம் ஏரிப் பக்கம் ஓடிவிட்டு டீக்கடையில் நின்றபோது அவரைப் பார்த்தேன்.

"இன்னும் காயலையா மேஸ்திரி?"

"காய்ஞ்சாப் போச்சு சார். தண்ணி குடிச்சாத்தான் அது இறுகும். இருபத்தெட்டு நாளு. அதுக்குள்ள பாரம் ஏத்தினா பின்னாடி தெரியும்."

அவர் சொன்னது அப்பழுக்கில்லாத வேதியியல். சிமென்ட் உலர்ந்து கெட்டிப்படுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து வேறொரு பொருளாக மாறி இறுகுகிறது. நடுவில் தண்ணீர் வற்றினால் வினை பாதியில் நின்றுவிடும். பார்வைக்கு மூன்றாம் நாளே கல் மாதிரி இருக்கும். பொறியாளர் கணக்குப் போடுவதோ 28-ஆம் நாள் வலிமையை வைத்து. போதிய வலிமை வரும் வரை கீழே சவுக்குக் கட்டைகளும் இரும்பு முட்டுகளும் நின்றுகொண்டிருக்கும்.

அன்று இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன். மார்ச் மாதம் வேறொரு இடத்தில் இதே பாடத்தைப் பணம் கட்டிப் படிக்க வேண்டியிருந்தது.

ஜூன் 8-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் நடக்கவிருந்த காம்ரேட்ஸ் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கி டர்பன் கடற்கரை நகரம் வரை 89.98 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரம் கெடு. ஒரு நொடி தாண்டினாலும் பதக்கம் கிடையாது. முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக, விக் கிளாப்பம் என்ற ரயில் ஓட்டுநர் 1921 மே 24 அன்று தொடங்கிவைத்தது. முதல் ஆண்டு 34 பேர் கிளம்பினார்கள், 16 பேர் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது இருபதாயிரத்துக்கு மேல். டர்பன் நமக்குப் புதிய ஊர் அல்ல. 1860-இல் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று அங்கேதான் நின்றது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்று இந்த ஓட்டத்தை வேடிக்கை பார்க்க முடிந்தது, நெஞ்சில் எண் குத்திக்கொண்டு ஓட முடியவில்லை. வெள்ளையர் அல்லாதவர்களையும் பெண்களையும் முறைப்படி சேர்த்துக்கொண்டது 1975-இல்தான்.

எனக்கு வயது 46, எடை 68. அதற்கு முன் ஓடியதில் மிக அதிகம் 42 கிலோமீட்டர். கையில் ஐந்து மாதம்.

ஐந்து மாதம் போதும் என்று காட்டியவர் ஆர்தர் நியூட்டன். ஆப்பிள் நியூட்டன் இல்லை, நேட்டால் மாகாணத்தில் விவசாயம் பார்த்தவர். அரசாங்கத்தோடு நிலத் தகராறு. ஓடிப் பெயரெடுத்தால் நம் பேச்சு எடுபடும் என்று ஒரு விசித்திரமான கணக்குப் போட்டார். (அந்தத் தகராறில் அவர் நின்ற பக்கம் கறுப்பின மக்களுக்கு எதிரானது. ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.) 1922 ஜனவரி 1 அன்று பயிற்சியைத் தொடங்கினார். முதல் நாள் இரண்டு மைல் ஓடியதற்கே கால்கள் பிடித்துக்கொண்டன. மே 24 அன்று, 39 வயது நிறைந்த நான்காம் நாள், காம்ரேட்ஸில் முதலாவதாக வந்தார்: 8 மணி 40 நிமிடம். 1925-இல் அதே மனிதர் 6 மணி 24 நிமிடம். மொத்தம் ஐந்து முறை வெற்றி. வேகமாகக் கொஞ்ச தூரம் ஓடிப் பழகுவதுதான் பயிற்சி என்று எல்லோரும் நம்பிய காலத்தில், மெதுவாக நிறைய ஓடு என்றவர் அவர். காரணம் கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தசைக்குள் எட்டிப் பார்க்க அன்று வழியில்லை.

இன்று வழி இருக்கிறது. பார்த்தவர்கள் சொல்வதன் சாரம் இது: ஓட்டப் பயிற்சிக்கு உடல் ஒரே ஆளாகப் பதில் சொல்வதில்லை. ரத்தம், தசை, நாண், எலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தவணை. முதலில் அசைவது ரத்தம். ஓடத் தொடங்கிய ஒரு வாரம், பத்து நாளிலேயே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா கூடிவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதலாக ரத்தத்தைத் தள்ளுவதால் நாடித் துடிப்பு இறங்கும். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் இதைக் காட்டி நம்மைக் குஷிப்படுத்தும்.

அடுத்து தசை. 1967-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜான் ஹாலோசி எலிகளை டிரெட்மில்லில் ஏற்றி, 12 வாரம் படிப்படியாகக் கூட்டி ஓடவைத்தார். அவற்றின் தசைச் செல்களில் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்டிரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தன. தொலைதூர ஓட்டக்காரருக்கு இது ஏன் முக்கியம்? ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு கலோரி செலவு. என் 68 கிலோவை 90 கிலோமீட்டர் கொண்டு போக 6,000 கலோரிக்கு மேல் வேண்டும். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாக இருக்கும் மாவுச்சத்துக் கையிருப்பு சுமார் 2,000. கொழுப்போ பத்து கிலோ இருந்தாலே 90,000. கொழுப்பு வங்கியில் போட்ட வைப்புத்தொகை. ஆனால் கவுண்ட்டர் குறைவு, மெதுவாகத்தான் எடுக்க முடியும். மைட்டோகாண்டிரியா கூடினால் கவுண்ட்டர்கள் கூடுகின்றன. மெதுவாக ஓடினால் வரிசையும் நீளாது. நியூட்டன் கண்டது இதைத்தான்.

ஆக, பிப்ரவரிக் கடைசியில் நான் வேறு ஆளாகியிருந்தேன். ஜனவரியில் வாரத்துக்கு 45 கிலோமீட்டர் ஓடியவன் 85-க்கு வந்துவிட்டேன். ஞாயிறு லாங் ரன் சித்தாலப்பாக்கம், அரசன்கழனி, ஒட்டியம்பாக்கம் என்று சுற்றி 36. மழைக்குப் பின் நிறைந்து கிடந்த ஏரியில் கூழைக்கடாக்கள். பள்ளிக்கரணைப் பக்கமிருந்து வரும் குப்பை மேட்டு நாற்றம்கூட அந்த உற்சாகத்தில் உறைக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. நெஞ்சு, 'போ, இன்னும் போ' என்றது.

மார்ச் இரண்டாம் வாரம் இடது கணைக்காலின் உட்பக்கம், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஒரு வலி. முதலில் ஓடத் தொடங்கும்போது மட்டும். பிறகு ஓடி முடிக்கும் வரை. பிறகு மாடிப்படி இறங்கும்போதும். எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டதும் ஒற்றை விரலை வைத்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது. கை முழுவதையும் வைத்துத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் தசை, ஒற்றை விரலால் காட்டினால் எலும்பைச் சந்தேகப்பட வேண்டும் என்றார். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முறிவு இல்லை, அதற்கு முந்தைய கட்டம். மூன்று வாரம் ஓடக் கூடாது.

எலும்பைக் கட்டை மாதிரி நினைக்கிறோம். அது ஓயாமல் இடித்துக் கட்டப்படும் வீடு. என் ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 1,250 அடிகள். ஒவ்வோர் அடியிலும் பாதம் தாங்குவது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு. 36 கிலோமீட்டரில் 45,000 அடிகள். எலும்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல்கள் விழுகின்றன. அதில் தவறில்லை, அவைதான் பழுதுபார்ப்பவர்களை அழைக்கும் அழைப்பு மணி. முதலில் வருவது ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள். இவை இடிக்கும் ஆட்கள். கீறல் விழுந்த எலும்பைக் கரைத்துச் சுரங்கம் போல் குடைகின்றன. இந்த வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடியும். பின்னால் வருவது ஆஸ்டியோபிளாஸ்ட், கட்டும் ஆட்கள். குடைந்த இடத்தை நிரப்பி, சுண்ணச் சத்து ஏறி இறுக மூன்று மாதத்துக்கு மேல் ஆகும்.

இடிப்புக்கும் கட்டுமானத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் எல்லாக் கேடும். பயிற்சியைக் கூட்டிய சில வாரங்களுக்கு, எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கிறது. பல இடங்களில் ஒரே சமயத்தில் பள்ளம் தோண்டிப் போட்ட தெரு மாதிரி. அந்தச் சமயம் பார்த்து நெஞ்சும் தசையும் பலமாகிவிட்டதால், நாம் இன்னும் வேகமாக, இன்னும் தூரமாக ஓடுகிறோம். 1855-இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், அணிவகுப்பில் நடந்த புதிய சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அடியும் படவில்லை, விழவும் இல்லை. எக்ஸ்-ரே வந்த பிறகுதான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. வீட்டிலிருந்து வந்த பையன்களைச் சில வாரத்தில் மூட்டை சுமந்து மைல் கணக்கில் நடக்கவைத்தால் அதுதான் நடக்கும். நான் பெரும்பாக்கத்தில் சொந்தச் செலவில் அந்தப் படையில் சேர்ந்திருந்தேன்.

ஓய்வில் கிடந்த மூன்று வாரமும் படித்ததில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தவை இரண்டு. ஒன்று, இண்டியானா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டர்னர், அலெக்சாண்டர் ராப்ளிங் குழுவினர் எலிகளைக் கொண்டு கண்டது. எலும்புச் செல்கள் பாரத்தை உணர்ந்து 'கட்டு' என்று சொல்வதெல்லாம் முதல் இருபது முப்பது அதிர்வுகளில் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் எத்தனை முறை தட்டினாலும் அவற்றுக்குக் காது கேட்பதில்லை. மறுபடி கேட்க சில மணி நேரம் ஆகும். அதாவது, எலும்பைப் பொறுத்தவரை என் 45,000 அடிகளில் 'கட்டு' என்ற செய்தியாகப் போய்ச் சேர்ந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை, மற்றவை எல்லாம் வெறும் தேய்மானம். அன்றிலிருந்து வார நாட்களில் 16 கிலோமீட்டரை ஒரே மூச்சாக ஓடாமல், காலை பத்து, மாலை ஆறு என்று பிரித்துக்கொண்டேன்.

இரண்டாவது இன்னும் விசித்திரம். 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரு மடங்காகிப் பிறகு குறைந்துகொண்டே வந்தது. எந்த ஆண்டில் உருவான திசுவிலும் அந்த ஆண்டின் முத்திரை இருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணை, அக்கிலிஸ் என்கிறோமே அதை, இந்த முறையில் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். நாணின் நடுப்பகுதி பதினேழு வயது வாக்கில் உருவாகி முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. நான் ஓடுவது பிளஸ் டூ முடித்தபோது கிடைத்த நாணை வைத்துக்கொண்டு. அதற்குப்பின் இருபத்தொன்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து அதை என்ன பாடுபடுத்தினேன் என்பது அதற்குத்தான் தெரியும்.

ஏப்ரலில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது வேறொரு சிக்கல். அந்த ஆண்டு காம்ரேட்ஸ் 'டவுன் ரன்', அதாவது கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்திலிருந்து கடற்கரைக்கு இறங்குவது. இறக்கம்தானே, சுலபம் என்பவர்கள் வெள்ளியங்கிரி ஏழு மலையும் இறங்கியவர்களைக் கேட்க வேண்டும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது தொடை நடுங்கி, மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு பக்கவாட்டில் அடி வைத்து வருவார்கள். மறுநாள் குத்த வைத்து உட்கார்ந்தால் எழ முடியாது.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அது பிரேக். சுருங்க முயன்றுகொண்டே பாரத்தால் நீட்டப்படுகிறது. தசை இழைக்குள் இருக்கும் நுண்ணிய அலகுகளில் பலவீனமானவை இந்த இழுபறியில் பிய்ந்துபோகின்றன. வலி உடனே வராது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சம். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்று ஜிம்மில் சொல்வார்கள். ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது ரத்தத்திலிருந்து வடிந்துவிடும், மறுநாள் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், ஒரே ஒரு முறை இப்படி அடிபட்ட தசை, பல வாரங்களுக்கு அதே அடியை முன்னைவிட நன்றாகத் தாங்குகிறது. தடுப்பூசி மாதிரி.

பெரும்பாக்கத்தில் இறக்கத்துக்கு எங்கே போவது? ஊரே சதுப்பு நிலத்தின் விளிம்பு, தண்ணீருக்கே எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாத சமதளம். எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டு இருந்தது. லிஃப்ட்டில் மேலே போய்ப் படியில் இறங்கினேன், இருபது முறை. ஏழாவது சுற்றில் ஆறாம் மாடி மாமி கதவைத் திறந்து, "கரண்ட் இருக்கே, லிஃப்ட் வேலை செய்யலையா?" என்றார். ஏறுவதற்குத்தான் லிஃப்ட் என்று விளக்கியதில் அவருக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். மறுநாள் நான் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து மனைவிக்கும்.

மே 4 அன்று கத்திரி பிறந்தது. பெரும்பாக்கத்தில் கத்திரி வெயிலைவிடக் கொடுமை, கத்திரி விடியற்காலை. ஐந்து மணிக்கு 28, 29 டிகிரிதான். ஆனால் கடலும் சதுப்பும் சேர்ந்து காற்றில் ஈரத்தை நிறைத்து வைத்திருக்கும். ஓடும்போது எரியும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகிறது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் ஓடும் எனக்கு அது ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 400 கலோரி. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கலோரி வெப்பத்தை எடுத்துப் போகும். அப்படியானால் மணிக்கு முக்கால் லிட்டர் போதும். ஒரு ஞாயிறு, ஓடுவதற்கு முன் எடை பார்த்தேன்: 68.1. மூன்று மணி நேரம் கழித்துத் துடைத்துக்கொண்டு பார்த்தால் 65.6. நடுவில் குடித்தது 1.2 லிட்டர். போனது 3.7 லிட்டர், மணிக்கு ஒன்றேகால் லிட்டர். ஆக, மணிக்கு சுமார் அரை லிட்டர் ஆவியாகாமல் ஷூவுக்குள் வடிந்திருக்கிறது. வடிந்த வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சாக்ஸைப் பிழிந்தால் சொட்டியது.

பத்துப் பதினைந்து நாளில் உடல் இதற்கும் பழகுகிறது. வியர்வை சீக்கிரமே ஊறத் தொடங்கும், அளவு கூடும், அதில் உப்பு குறையும். பனியனில் வெள்ளைக் கோடு விழுவது குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த அறிவு விளையாட்டு மைதானத்தில் பிறந்ததல்ல. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் வெப்பத்தாக்கில் செத்து விழுந்தபோது, 1930-களில் ட்ரியோஸ்டி என்ற மருத்துவர் புதிய ஆட்களைச் சூடும் ஈரமும் நிறைந்த அறைகளில் வேலை செய்யவைத்துப் பழக்கும் முறையை வகுத்தார். சுரங்க முதலாளிகளுக்கு உற்பத்தி நிற்கக் கூடாது என்பதுதான் கவலை. அதே காலத்தில் கோலார் தங்கவயலில் நம் வட ஆற்காட்டு ஜனங்களும் அப்படியொரு புழுக்கத்தில் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது.

இழந்த 3.7 லிட்டரையும் குடித்து ஈடுகட்ட வேண்டியதுதானே என்று தோன்றும். அப்படித்தான் பல காலம் எல்லோருக்கும் சொல்லப்பட்டது. 1981 காம்ரேட்ஸில் ஒரு பெண் எழுபதாவது கிலோமீட்டரை ஒட்டிப் புத்தி தடுமாறி, பிறகு நினைவிழந்தார். நீர்ச்சத்து குறைந்துவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். உண்மையில் அவர் அளவுக்கு மீறிக் குடித்திருந்தார். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கியிருந்தது. கேப் டவுன் மருத்துவர் டிம் நோக்ஸ் இத்தகைய நிகழ்வுகளைத் தொகுத்து 1985-இல் கட்டுரையாக வெளியிட்டார், நம்பியவர்கள் குறைவு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. பந்தய முடிவில் எடை கூடியிருப்பது வெற்றிச் சின்னமல்ல, ஆபத்தின் அறிகுறி. தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் விடு என்கிறார் நோக்ஸ். பாட்டி சொல்லியிருக்கக்கூடியதுதான், அறிவியல் சுற்றி வளைத்து அங்கே வந்து சேர்ந்தது.

சாப்பாட்டுக்கும் ஒரு பயிற்சி உண்டு. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தைக் குடல் உறிஞ்சும், ஆனால் ஓடிக்கொண்டே உண்ணப் பழகியிருக்க வேண்டும். இட்லியில் சொன்னால் மணிக்கு ஆறு. நான் பேரீச்சம்பழமும் உப்புப் போட்ட அவித்த உருளைக்கிழங்கும் கொண்டுபோனேன். உருளைக்கிழங்கைப் பற்றி நூக்கம்பாளையம் சாலை நாய்களுக்கும் ஒரு கருத்து இருந்தது.

மே 18 அன்று கடைசி நீண்ட ஓட்டம், 50 கிலோமீட்டர். கணைக்கால் பேசவில்லை. அதற்குப்பின் மூன்று வாரம் டேப்பர். தூரத்தைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, வேகத்தை மட்டும் விட்டுவிடாமல் வைத்திருப்பது. இந்த மூன்று வாரத்தில் ஓடி இனிப் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. பிய்ந்த தசை ஒட்டும், கிளைக்கோஜன் நிரம்பும், மார்ச்சில் தோண்டிய பள்ளங்களில் சுண்ணச் சத்து ஏறிக்கொண்டிருக்கும். இது அத்தனையும் தெரிந்தும், உட்கார்ந்திருப்பது ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இல்லாத வலியெல்லாம் வந்தது. எதிர் அடுக்ககத்தில் நான்காம் தளம் போட்டுப் பாத்தி கட்டியிருந்தார்கள். கீழ்த் தளத்தில் முட்டுகளை எடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஜூன் 1 ஞாயிறு. ஆறு கிலோமீட்டர் மட்டும். ஐந்து மணிக்குக் கிளம்பி ஐந்தே முக்காலுக்குத் திரும்பினேன். ஐந்து மாதமாக ஞாயிறுகளில் எட்டு, ஒன்பது மணிக்கு முன் நான் கேட்டுக்குள் நுழைந்து பார்த்திராத வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்ன சார், பாதியிலே வந்துட்டீங்க? உடம்புக்கு முடியலையா?"

ஒன்றுமில்லை அண்ணே என்றேன். அவர் நம்பவில்லை. லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.